முன்கூட்டிய கல்லூரிச் சேர்க்கை முடிவு

முன்கூட்டிய சேர்க்கை முடிவு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் இளநிலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கல்லூரிகள் வழமையான காலத்துக்கு மூன்று மாதங்களுக்கு மேல் முன்னதாகவே முடிவை அறிவிக்கும் முறையாகும். ஆங்கிலப் பெயரின்படி இது ஏர்லி டிசிஷன் எனவும், சுருக்கமாக ஈ.டி. எனவும் அழைக்கப்படுகிறது. மாணவர் நவம்பர் மாதத் தொடக்கத்தில் தாம் மிகவும் விரும்பும் ஒரு கல்லூரிக்கு மட்டும் இம்முறையில் விண்ணப்பிக்கிறார். இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று முன்னரே உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறார். டிசம்பர் மாத நடுப்பகுதியில் விடை வருகிறது.

இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு வாரங்கள் அமெரிக்க மேனிலைப் பள்ளி வாழ்வில் மிகுந்த பதற்றத்துக்குரிய காலமாகும். காத்திருக்கும் காலத்தைக் குறைப்பதற்கான வழி என்று பொதுவாக அறிமுகப்படுத்தப்படும் இம்முறை, உண்மையில் ஒரு கொடுக்கல் வாங்கல் ஆகும். மாணவர் தமது தெரிவு உரிமையைக் கொடுக்கிறார். பதிலுக்குச் சற்றுக் கூடுதலான வாய்ப்பைப் பெறுகிறார். அந்த உரிமையைக் கொடுக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை என்பதே இம்முறை பற்றிய நீண்ட விவாதத்தின் மையமாகும்.

பின்னணி

இக்காத்திருப்பு ஏன் இவ்வளவு கடுமையானது என்பதை விளங்கிக்கொள்ள, அமெரிக்கச் சேர்க்கை முறையின் ஓர் இயல்பை அறிய வேண்டும். தெரிவுக் கடுமை மிக்க அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணால் தீர்மானிக்கப்படுவதில்லை. நான்கு ஆண்டுப் பள்ளி மதிப்பெண்கள், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. தேர்வுப் புள்ளிகள், மாணவர் எழுதும் கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், பாடத்துக்குப் புறம்பான ஈடுபாடுகள், சில வேளைகளில் நேர்காணல் ஆகிய அனைத்தும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. விளையாட்டு வீரர்களுக்கும், பல தனியார் கல்லூரிகளில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் தனிக் கவனம் உண்டு. முடிவு சேர்க்கைக் குழுவின் மூடிய அறையில் எடுக்கப்படுகிறது. காரணம் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை.

தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் தரவரிசை எண்ணையும் முந்தைய ஆண்டின் கட்-ஆப் மதிப்பெண்ணையும் வைத்து ஒரு மாணவர் தமக்கு எந்தக் கல்லூரி கிடைக்கக்கூடும் என்று ஓரளவு கணித்துவிடலாம். மேற்கூறிய அமெரிக்கக் கல்லூரிகளில் அத்தகைய கணிப்புக்கு இடமில்லை. முழு மதிப்பெண் பெற்றவர்களும் ஆயிரக்கணக்கில் மறுக்கப்படுகின்றனர். எனவே விண்ணப்பத்தை அனுப்பிய பின்னர் எவ்வளவு எண்ணிப் பார்த்தாலும் மாணவருக்கு விடை தெரியப் போவதில்லை. ஆயினும் எண்ணாமல் இருக்கவும் முடிவதில்லை.

வகைகள்

முன்கூட்டிய விண்ணப்பம் என்ற பொதுப் பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று வேறான முறைகள் உள்ளன. மாணவர்களே இவற்றைக் குழப்பிக்கொள்வது உண்டு.

முதலாவது, கட்டுப்படுத்தும் முறையான ஏர்லி டிசிஷன். பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மவுத், பென்சில்வேனியா, டியூக், நார்த்வெஸ்டர்ன் முதலியவை இதனைப் பின்பற்றுகின்றன. இடம் கிடைத்தவர் பிற கல்லூரிகளுக்கு அனுப்பிய விண்ணப்பங்களை உடனே திரும்பப் பெற வேண்டும்.

இரண்டாவது, ஏர்லி ஆக்ஷன் எனப்படும் கட்டுப்படுத்தாத முறை. இதில் விடை முன்கூட்டியே கிடைக்கும். சேர்வதா இல்லையா என்பதை மே 1ஆம் நாள் வரை மாணவர் எண்ணிப் பார்க்கலாம். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இம்முறையைக் கொண்டது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்போர்ட் ஆகியவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு முறையைக் கையாளுகின்றன. அங்கு இடம் கிடைத்தவர் சேர வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அதே பருவத்தில் வேறு தனியார் கல்லூரிகளுக்கு முன்கூட்டிய முறையில் விண்ணப்பிக்கக் கூடாது.

இவை தவிர, இரண்டாம் சுற்று ஏர்லி டிசிஷன் என ஒன்றும் உண்டு. இதற்கு ஜனவரித் தொடக்கத்தில் விண்ணப்பித்து, பிப்ரவரி நடுப்பகுதியில் விடை பெறலாம். டிசம்பரில் முதல் விருப்பத்தை இழந்தவர்களை நோக்கியே இது வகுக்கப்பட்டது என்பது வெளிப்படை. கலிபோர்னியப் பல்கலைக்கழக அமைப்பில் இத்தகைய முன்கூட்டிய முறைகள் எவையும் இல்லை.

நடைமுறை

பெரும்பாலான கல்லூரிகளுக்கான விண்ணப்பம், 1975ஆம் ஆண்டில் 15 கல்லூரிகளுடன் தொடங்கப்பட்ட பொது விண்ணப்பம் எனும் அமைப்பின் ஊடாக இணையத்தில் அனுப்பப்படுகிறது. கடைசி நாள் பொதுவாக நவம்பர் 1 அல்லது 15. ஏர்லி டிசிஷன் முறையில் விண்ணப்பிப்போர் தனியாக ஓர் உடன்பாட்டைக் கொடுக்க வேண்டும். இதில் மாணவர், பெற்றோருள் ஒருவர், பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் ஆகிய மூவரும் கையொப்பமிடுவர்.

இவ்வுடன்பாட்டை மீறியதற்காகக் கல்லூரிகள் மாணவர்மீது வழக்குத் தொடுப்பது வழக்கமில்லை. எனினும் இது வெற்றுத் தாள் அன்று. வழிகாட்டி ஆசிரியரின் கையொப்பம் இருப்பதால் பள்ளியின் நற்பெயரும் பிணைக்கப்படுகிறது. ஒரு மாணவர் வாக்குத் தவறினால் அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிப்போர் பாதிக்கப்படுவர் என்ற அச்சமே இம்முறையைத் தாங்கி நிற்கும் தூணாகும். கல்லூரி அளிக்கும் நிதியுதவி போதாமையால் படிக்க இயலாது என்னும் நிலையில் மட்டும் மாணவர் விடுவிக்கப்படுவார்.

விடை மூன்று வகைப்படும். ஏற்பு, மறுப்பு ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாவதான ஒத்திவைப்பு என்பது, விண்ணப்பம் பொதுச் சுற்றுக்கு மாற்றப்பட்டு மார்ச் இறுதியில் மீண்டும் பார்க்கப்படும் என்று பொருள்படும். ஒத்திவைக்கப்பட்டவர் உறுதிமொழியிலிருந்து விடுபடுகிறார். இதனைக் காத்திருப்போர் பட்டியலுடன் ஒன்றாகக் கருதக் கூடாது. அது பொதுச் சுற்றும் முடிந்த பின்னர், இடம் காலியானால் அழைப்பதற்காக வைத்திருக்கும் பட்டியலாகும்.

வரலாறு

இம்முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நாட்டின் வடகிழக்கிலுள்ள தனியார் கல்லூரிகளில் தோன்றியது. அதற்கு இணையாக ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவை தமக்கு வழமையாக மாணவர்களை அனுப்பும் சில பள்ளிகளின் விண்ணப்பதாரருக்கு மட்டும் ஏ, பி, சி எனத் தரமிட்டு முன்னதாகவே குறிப்பால் உணர்த்தும் பழக்கத்தைக் கொண்டிருந்தன. ஏ என்றால் இடம் பெரும்பாலும் உறுதி. சி என்றால் வேறிடம் பார்த்துக்கொள்வது நல்லது. புகழ்பெற்ற தனியார் பள்ளிகளின் பிள்ளைகள் கவலையின்றி இருந்தனர். பிறர் வசந்த காலம் வரை காத்திருந்தனர். முன்கூட்டியே அறிதல் என்பது தொடக்கத்திலிருந்தே வசதி படைத்தோரின் சலுகையாக இருந்ததை இது காட்டுகிறது.

1990களில் விண்ணப்பங்கள் பெருகியபோது ஏர்லி டிசிஷன் பரவலாயிற்று. 2001 செப்டம்பரில் அட்லாண்டிக் இதழில் ஜேம்ஸ் பாலோஸ் எழுதிய நீண்ட கட்டுரை இம்முறையைக் கடுமையாகத் தாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் யேல் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்டு லெவின், இம்முறை ஒழிவதைத் தாம் விரும்புவதாகத் தெரிவித்தார். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகம் 2002இல் ஏர்லி டிசிஷனைக் கைவிட்டது. யேலும் ஸ்டான்போர்டும் அதே ஆண்டு நவம்பரில் கட்டுப்படுத்தும் முறையிலிருந்து விலகுவதாக அறிவித்தன.

2006 செப்டம்பரில் ஹார்வர்ட் இன்னும் ஒரு படி மேலே சென்று முன்கூட்டிய சேர்க்கையையே முற்றாக நிறுத்துவதாக அறிவித்தது. ஏற்கெனவே வசதியுள்ளோருக்கே இது மேலும் வசதி செய்கிறது என்பது அப்போதைய இடைக்காலத் தலைவர் டெரக் பாக் கூறிய காரணமாகும். பிரின்ஸ்டனும் வர்ஜீனியாப் பல்கலைக்கழகமும் சில நாட்களுக்குள் பின்தொடர்ந்தன. பிற கல்லூரிகளும் தொடரும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. விரைவில் விடை வேண்டிய மாணவர்கள் வேறு கல்லூரிகளை நாடினர். 2010 நவம்பரில் வர்ஜீனியாவும், 2011 பிப்ரவரியில் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் கட்டுப்படுத்தாத வடிவில் இம்முறைக்குத் திரும்பின. 2019இல் வர்ஜீனியா மீண்டும் ஏர்லி டிசிஷனையே ஏற்படுத்தியது. தனித்துத் துறப்பவர் நட்டமடைவார், எல்லோரும் சேர்ந்து துறப்பதோ நிகழாது என்னும் இந்நிலையை, விளையாட்டுக் கோட்பாடு கற்பிப்போர் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம்.

கல்லூரிகள் சேர்ந்து பேசி விதி வகுப்பதற்கும் சட்டத் தடை குறுக்கிடுகிறது. ஏர்லி டிசிஷன் மாணவர்களுக்குச் சிறப்புச் சலுகைகள் தருவதைத் தடுத்த விதி, கல்லூரிச் சேர்க்கை ஆலோசனைக்கான தேசியச் சங்கத்தின் ஒழுக்கக் கோவையில் இருந்தது. இது போட்டியைக் கட்டுப்படுத்துகிறது என்று அமெரிக்க நீதித்துறை கருதியமையால், 2019 செப்டம்பரில் சங்கம் அவ்விதியை நீக்கியது. 2023 சூலையில் வர்ஜீனியா டெக் தனது ஏர்லி டிசிஷனை நிறுத்துவதாக அறிவித்தது. மாறாக, மிச்சிகன் பல்கலைக்கழகம் 2025இல் இதனைப் புதிதாகத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 32 கல்லூரிகளுக்கும் பொது விண்ணப்ப அமைப்புக்கும் எதிராக, ஏர்லி டிசிஷன் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி முன்னாள், இந்நாள் மாணவர்கள் சார்பில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

கல்லூரிகளுக்குள்ள பயன்

இடம் வழங்கப்பட்டோருள் எத்தனை விழுக்காட்டினர் உண்மையில் சேர்கின்றனர் என்பது ஒவ்வொரு கல்லூரிக்கும் கவலை தரும் எண்ணாகும். 500 இடங்கள் உள்ள கல்லூரி 1,500 பேருக்கு அனுமதிக் கடிதம் அனுப்பி, 700 பேர் வந்துவிட்டால் விடுதியில் கட்டில் இராது; 350 பேர் மட்டும் வந்தால் வரவு செலவுத் திட்டம் இடிந்துபோகும். ஏர்லி டிசிஷனில் ஏற்கப்படுவோர் ஏறக்குறைய அனைவரும் சேர்வர். ஆகவே பல தனியார் கல்லூரிகள் புதுமுக வகுப்பின் பாதியையோ அதற்கு மேலுமோ டிசம்பரிலேயே நிரப்பிக்கொள்கின்றன. குறைந்த எண்ணிக்கையினருக்கு அனுமதி கொடுத்தாலே வகுப்பு நிரம்புவதால், ஏற்பு விழுக்காடும் தாழ்வாகத் தோன்றும். யூ.எஸ். நியூஸ் இதழின் கல்லூரித் தரவரிசையில் சேர்வோர் விழுக்காடு 2003ஆம் ஆண்டு வரை ஓர் அளவுகோலாக இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

மாணவருக்குள்ள பயன்

கிறிஸ்டோபர் ஏவரி, ஆண்ட்ரூ பேர்பேங்க்ஸ், ரிச்சர்டு செக்ஹவுசர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட 'ஏர்லி அட்மிஷன்ஸ் கேம்' என்ற நூல், விண்ணப்பத் தரவுகளை ஆராய்ந்து, ஏர்லி டிசிஷனில் விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி. தேர்வில் 100 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருப்பதற்கு நிகரான பயனைத் தருகிறது என்று மதிப்பிட்டது. முன்கூட்டி விண்ணப்பிப்பதால் தனிப் பயன் இல்லை என்று சேர்க்கை அலுவலர்கள் அந்நாளில் கூறிவந்தனர்.

எனினும் கல்லூரிகள் வெளியிடும் விழுக்காடுகளை அப்படியே எடுத்துக்கொள்வது தவறாகும். முன்கூட்டி விண்ணப்பிப்போருள், பயிற்சியாளர்களால் ஏற்கெனவே தெரிவு செய்யப்பட்ட விளையாட்டு வீரர்களும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் மிகுதி. இவர்களைக் கழித்துப் பார்த்தால் சாதாரண மாணவருக்குக் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு, அறிவிக்கப்படும் எண் காட்டுவதைவிடக் குறைவே.

இந்த எண்கள் ஓராண்டில் எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு ஹார்வர்ட் ஓர் எடுத்துக்காட்டு. 2019 டிசம்பரில் 6,424 பேர் முன்கூட்டி விண்ணப்பித்து 895 பேர் ஏற்கப்பட்டனர். பெருந்தொற்றினால் எஸ்.ஏ.டி. கட்டாயம் நீக்கப்பட்ட 2020இல் 10,086 பேர் விண்ணப்பித்தனர். ஏற்கப்பட்டவர் 747 பேர் மட்டுமே. ஏற்பு விழுக்காடு 13.9இலிருந்து 7.4 ஆகக் குறைந்தது. அவ்வாண்டு விண்ணப்பித்தோருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு ஒத்திவைப்பே விடையாகக் கிடைத்தது. அதாவது பெரும்பாலோரின் காத்திருப்பு முடியவில்லை, நீண்டது.

காத்திருப்புக் காலம்

இணையம் பரவுமுன் விடை அஞ்சலில் வந்தது. தடித்த உறை என்றால் ஏற்பு, ஏனெனில் அதனுள் சேர்க்கைப் படிவங்கள் இருக்கும்; மெல்லிய உறை என்றால் ஒற்றைத் தாளில் மறுப்பு. மாணவர்கள் அஞ்சல்காரர் வரும் நேரம் அறிந்து வாசலில் நின்ற காலம் அது. ஒரே பள்ளியில் ஒருவருக்குத் திங்களன்றும் மற்றொருவருக்கு வியாழனன்றும் கடிதம் வந்ததால், இடையிலுள்ள நாட்கள் பெரும் துன்பமாக இருந்தன.

இணைய அறிவிப்பு இந்த ஏற்றத்தாழ்வை நீக்கியது; பதிலுக்குப் பதற்றத்தை ஒரு மணித்துளியில் குவித்துவிட்டது. கல்லூரி முன்னரே நாளையும் நேரத்தையும் அறிவிக்கிறது. குறித்த மாலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தத்தம் கடவுச்சொல்லை இட்டு உள்ளே நுழைகின்றனர். யேலின் பக்கத்தில் ஏற்கப்பட்டவருக்கு அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பாடல் ஒலிக்கும். பாடல் கேட்காதபோதே விடை என்னவென்று புரிந்துவிடும். மாணவர் திரையைத் திறக்கும் கணத்தைக் குடும்பத்தார் படம்பிடித்து இணையத்தில் இடுவதும் வழக்கமாகிவிட்டது. மறுக்கப்பட்டோரின் ஒளிப்படங்கள் பெரும்பாலும் வெளிவருவதில்லையாதலால், பார்ப்பவருக்கு எல்லோரும் வெற்றி பெறுவதுபோன்ற மயக்கம் உண்டாகிறது.

இணைய அறிவிப்பு தொடங்கிய காலத்திலேயே சிக்கல்களும் தொடங்கின. 2002ஆம் ஆண்டில் யேல் முதன்முதலாகத் தன் முடிவுகளை இணையத்தளத்தில் வெளியிட்டபோது, தமக்கும் விண்ணப்பித்திருந்த மாணவர்களின் பிறந்த நாள், சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைப் பயன்படுத்திப் பிரின்ஸ்டனின் சேர்க்கை அலுவலகத்திலிருந்து சிலர் அத்தளத்துள் நுழைந்து அவர்களின் முடிவுகளைப் பார்த்தமை சூலை மாதம் வெளிவந்து பெரும் செய்தியாயிற்று.

பிழையான அறிவிப்புகள் இன்னும் கொடியவை. 2012 ஜனவரியில் வாசர் கல்லூரியின் தளத்தில் சோதனைக்காக வைக்கப்பட்டிருந்த ஏற்புக் கடிதம், இரண்டாம் சுற்று ஏர்லி டிசிஷனில் விண்ணப்பித்த 122 பேருக்குத் தெரிந்தது. அவர்களுள் 76 பேர் உண்மையில் ஏற்கப்படாதவர்கள். மகிழ்ச்சிச் செய்தியை உறவினருக்கெல்லாம் தெரிவித்த சில மணி நேரத்துக்குள் அது பொய் என்று அறிய நேர்ந்தது. 2014 டிசம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், மறுக்கப்பட்ட அல்லது ஒத்திவைக்கப்பட்ட 294 பேருக்கு வரவேற்பு மின்னஞ்சலைத் தவறாக அனுப்பிவிட்டுப் பின்னர் மன்னிப்புக் கோரியது.

காத்திருப்பின் சுமை மனத்தில் மட்டும் உள்ளதன்று, வேலையாகவும் வருகிறது. முன்கூட்டிய விடை டிசம்பர் நடுவில் வருகிறது. பொதுச் சுற்றின் கடைசி நாள் பெரும்பாலும் ஜனவரி 1ஐ ஒட்டியது. மறுக்கப்பட்டவர் எஞ்சிய இரண்டு வாரங்களில், அதுவும் விடுமுறைக் காலத்தில், எட்டுப் பத்துக் கல்லூரிகளுக்குரிய கட்டுரைகளைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். மனம் உடைந்த நிலையில் எழுதும் கட்டுரை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே நவம்பர் மாதத்திலேயே பிற கட்டுரைகளையும் எழுதி வைத்துக்கொள்ளுமாறு வழிகாட்டி ஆசிரியர்கள் வற்புறுத்துகின்றனர். ஏற்பு வந்தால் அவ்வுழைப்பு வீணாகும் என்பதால் மாணவர்கள் இவ்வறிவுரையைத் தள்ளிப்போடுவதும் இயல்பே. எழுதி வைத்தால் முதல் கல்லூரி கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. சகுன நம்பிக்கை கணினிக் காலத்திலும் குறையவில்லை.

ஒத்திவைக்கப்பட்டவர் செய்யக்கூடியவை சில. தொடர்ந்து விருப்பம் உள்ளதைத் தெரிவிக்கும் சுருக்கமான கடிதம் ஒன்றை, கல்லூரி அனுமதித்தால், அனுப்பலாம். அரையாண்டு மதிப்பெண் பட்டியலைப் பள்ளி அனுப்பும். அது உயர்ந்திருந்தால் பயன் உண்டு. நாள்தோறும் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது பயன் தராது.

உளவியல் ஆய்வுகள்

நிச்சயமற்ற செய்திக்காகக் காத்திருத்தல் பற்றிக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கேட் சுவீனியும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து ஆராய்ந்துள்ளனர். இவர்கள் பெரிதும் ஆராய்ந்தது கல்லூரி விண்ணப்பதாரரை அன்று. வழக்குரைஞர் தகுதித் தேர்வு எழுதி ஏறத்தாழ நான்கு மாதங்கள் முடிவுக்குக் காத்திருந்த கலிபோர்னியச் சட்டப் பட்டதாரிகளை. எனினும் நிலைமை ஒத்ததே: செய்ய வேண்டியது முடிந்துவிட்டது, விடை பிறர் கையில் உள்ளது.

2016இல் வெளியான இவர்களது ஆய்வின்படி, கவலையை அடக்குவதற்காக மேற்கொள்ளப்படும் உத்திகள் பெரும்பாலும் பலிப்பதில்லை. மேலும், காத்திருக்கும்போது மிகவும் அல்லலுற்றவர்களே கெட்ட செய்தி வந்தபோது அதனை நன்கு எதிர்கொண்டனர். நல்ல செய்தி வந்தபோது கூடுதலாக மகிழ்ந்தனர். அமைதியாகக் காத்திருந்தவர்களுக்கு அடி வலுவாக விழுந்தது. பதற்றம் முழுவதும் வீண் அன்று என்பது இதனால் பெறப்படுகிறது. 2019இல் இக்குழு வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தம்மை மறந்து ஆழ்ந்து ஈடுபடத்தக்க வேலையில் மூழ்குவது காத்திருப்பை எளிதாக்குகிறது என்று கண்டது. வெறுமனே பொழுதுபோக்குவது இதற்கு ஈடாகாது. ஓரளவு கடினமாகவும், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதாகவும் உள்ள வேலையாக இருக்க வேண்டும்.

சமத்துவம் பற்றிய விமர்சனம்

ஏர்லி டிசிஷனில் ஏற்கப்பட்டவர் ஒரே ஒரு கல்லூரியின் நிதியுதவித் திட்டத்தை மட்டுமே பார்க்கிறார். பொதுச் சுற்றில் மூன்று, நான்கு கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுக் குறைந்த செலவுடையதைத் தெரிவு செய்யலாம். ஒன்றைக் காட்டி மற்றொன்றிடம் கூடுதலாகக் கேட்கவும் செய்யலாம். ஆண்டுச் செலவு பல தனியார் கல்லூரிகளில் 80,000 டாலரைத் தாண்டிவிட்ட நிலையில், இந்த ஒப்பீடு நடுத்தர வருவாயினருக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகும். கட்டணத்தை முழுமையாகச் செலுத்தக்கூடிய குடும்பத்துக்கு இக்கவலை இல்லை. எனவே கூடுதல் வாய்ப்பும் அவர்களுக்கே மிகுதியாகச் செல்கிறது.

பணம் மட்டும் தடையன்று. நவம்பர் 1க்குள் விண்ணப்பம் முடிய வேண்டுமானால் முந்தைய கோடைக்குள் கல்லூரிகளைப் பார்வையிட்டு, தேர்வுகளை எழுதி, கட்டுரைகளைத் தொடங்கியிருக்க வேண்டும். இதனை நினைவூட்ட ஆள் வேண்டும். வசதியான தனியார் பள்ளியில் சில பத்து மாணவருக்கு ஒரு வழிகாட்டி இருப்பார். அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஒருவரே பல நூறு மாணவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. அங்கு பயிலும் திறமைசாலி ஒருவர் இப்படியொரு முறை உள்ளதையே அறியும்போது காலம் கடந்திருக்கும்.

ஆதரிப்போர், செல்வ வளமுள்ள சில பல்கலைக்கழகங்கள் குடும்பத்தின் தேவை முழுவதையும் நிதியுதவியால் ஈடுசெய்வதையும், செலவைக் கணித்துக் காட்டும் கருவிகள் அவற்றின் இணையத்தளங்களில் உள்ளதையும் சுட்டுகின்றனர். குறைந்த வருவாயுள்ள மாணவர்களுக்காக இயங்கும் குவெஸ்ட்பிரிட்ஜ் என்னும் அமைப்பு, மாணவரின் விருப்ப வரிசைப்படி அவரைக் கல்லூரியுடன் இணைத்து, நான்கு ஆண்டுக்குமான உதவித்தொகையுடன் டிசம்பர் தொடக்கத்தில் விடை தருகிறது. இது நல்ல ஏற்பாடே. ஆயினும் இது வறியவருக்கு உதவுகிறதேயன்றி, உதவிக்குத் தகுதி பெறாத, முழுக் கட்டணமும் கட்ட இயலாத இடைநிலைக் குடும்பத்தின் சிக்கலைத் தீர்ப்பதில்லை.

இவ்வளவு கவலைக்குரிய முடிவு வாழ்வை எவ்வளவு மாற்றுகிறது என்ற கேள்வியும் ஆராயப்பட்டுள்ளது. பொருளியலாளர்களான ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே வகைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒத்த விடைகளைப் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டது. அவர்களுள் தெரிவுக் கடுமை மிக்க கல்லூரியில் படித்தோரும் அதனைவிடக் குறைந்ததில் படித்தோரும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவு வருவாய் ஈட்டினர். விதிவிலக்கு, குறைந்த வருவாயுள்ள குடும்பத்திலிருந்து வந்தோர். அவர்களுக்குக் கல்லூரியின் தரம் பயன் தந்தது. ஆகவே டிசம்பர் மாலையில் திரைமுன் நடுங்கிக்கொண்டிருப்போருள் பலருக்கு விடை அவ்வளவு பெரிதன்று. அது உண்மையிலேயே பெரிதாக இருக்கக்கூடியவர்களோ, அவ்வரிசையில் குறைவாகவே நிற்கின்றனர்.

அயல்நாட்டு மாணவர்கள்

இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து விண்ணப்பிப்போருக்கும் இம்முறைகள் பொருந்தும். ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்குரிய கூட்டாட்சி அரசின் உதவி இவர்களுக்குக் கிடையாது. நிதித் தேவையைக் கருத்தில் கொள்ளாமல் அயல்நாட்டு மாணவரைத் தெரிவு செய்யும் கல்லூரிகள் மிகச் சிலவே. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஏனையவற்றில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கக்கூடும். எவ்வளவு உதவி வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே கணக்கிட்டுக் கொள்வது நன்று. பின்னர் கூட்டிக் கேட்பதைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச் மாதத்தை ஒட்டி நடைபெறுவதால், இந்திய மாணவர் டிசம்பரில் ஒத்திவைக்கப்பட்டால் இரண்டாம் காத்திருப்பு முழுவதும் அத்தேர்வுக்கான படிப்புடன் சேர்ந்தே கழியும். கல்லூரி ஏற்றுக்கொண்டாலும் பள்ளி இறுதி மதிப்பெண்கள் மிகவும் சரிந்தால் அனுமதி திரும்பப் பெறப்படலாம். அறிவிப்பு நேரம் அமெரிக்கக் கிழக்கு நேரப்படியே குறிக்கப்படும். நியூயார்க்கில் மாலை 5 மணி எனில் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மறுநாள் அதிகாலை 3.30, இரவு 7 மணி எனில் அதிகாலை 5.30.